பாதி பெருக்கிய அறை

கீழ் வீட்டு மாமி வீட்டுக்குச் சாப்பிடப் போவது சுலபம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய காரியம். கை அலம்பி, வெற்றிலை போட்டு, தோட்டத்துக் கறிவேப்பிலை ஒரு கொத்தும் வாழைக்காய் இரண்டும் நம் பைக்குள் விழுந்த பிறகு, மாமி வாசல்படி வரை வந்து கேட்பாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேளோன்னோ?"

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். தலையை ஆட்டிவிட்டு மறந்துபோகிறதுதான் நம் வழக்கமும். மாமி வீட்டில் அப்படி மறக்க முடியாது. நாம் போய்ச் சேர்ந்து போன் செய்கிறவரைக்கும் அந்த வீட்டில் யாரும் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். சாப்பிட்ட இடத்தில் பருக்கை காய்ந்து கிடக்கும், எறும்பு வரிசை கட்டும், தோட்டத்தில் விழுந்த இலைகூட விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

நான் அவள் வீட்டுக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருந்தேன். மும்பையில், செம்பூரில் பழைய காலனி. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, கீழ் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பின்பக்கம் ஒரு துண்டு மண் உண்டு. நான் தாராவியில் பிறந்து வளர்ந்து, மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மாமி பாலக்காட்டுக் குடும்பம். ஃபோர்ட்டில் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து எனக்கு முன்னால் ஓய்வு பெற்றவள். அவளுக்கு நான் 'டீச்சர்'. எனக்கு அவள் மாமி. பெயர் தெரியும், ஆனால் இங்கே எழுத மனம் வரவில்லை. எழுதினால் எங்கிருந்தாவது திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று ஒரு பயம். பயம் என்றுதான் சொல்ல வேண்டும், மழுப்புவானேன்.

வழக்கம் எனக்கும் புதிதல்ல. ஊருக்குப் போகிறவர்கள் படி இறங்கியதும் வீட்டைப் பெருக்கக் கூடாது என்று என் அம்மாவும் சொல்வாள். ஆனால் ஒரே அறையில் அத்தனை பேர் புழங்கிய வீட்டில் எவ்வளவு நேரம் பெருக்காமல் இருக்க முடியும்? விருந்தாளி சந்து திரும்பினால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள். மாமியின் சட்டத்தில் சந்தெல்லாம் செல்லாது. பாண்டுப்புக்குப் போகிறவர் பாண்டுப்பில் தன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். "செருப்பைக் கழட்டினாத்தான் வந்து சேர்ந்ததா அர்த்தம்" என்பாள். போனை எடுத்ததும் அவள் முதலில் கேட்பதே, "செருப்பைக் கழட்டியாச்சா?"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மாமி, இவ்வளவு படிச்சு, ஆபீஸ்ல அத்தன பேருக்கு மேல உக்காந்து வேலை பார்த்துட்டு, இதையெல்லாம் போய்ப் பிடிச்சிட்டுத் தொங்குதியளே?"

மாமி அப்போது தோட்டத்தில் ஓமவல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஒருத்தர் வெளியில போன உடனே வீட்டைப் பெருக்கி அலம்பறது எப்போன்னு யோசிச்சுப் பார்த்தேளா டீச்சர்?"

யோசித்தேன். சாவு வீட்டில்தான். தூக்கிக்கொண்டு போனதும் அந்த நிமிடமே பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள்.

"உசிரோட போறவாளுக்கும் அதையே பண்ணினா, வீட்டுக்கு வித்யாசம் தெரியுமா?" என்றாள் மாமி. சொல்லிவிட்டு ஓமவல்லி இலையை என் கையில் வைத்து, "பஜ்ஜி போடுங்கோ, நன்னாருக்கும்" என்றாள்.

நான் பஜ்ஜி போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விதான் ஜீரணமாகவில்லை.

இதற்காக அவளைச் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலனியில் அவளைப்போல விருந்து வைக்கிறவள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பழைய ஆபீஸ் சிநேகிதிகளோ, சொந்தக்காரர்களோ, தாணேயிலிருந்து மகளும் மாப்பிள்ளையுமோ வந்துவிடுவார்கள். மாமா வாழையிலை நறுக்குவார்; தோட்டத்து இலை, பெரியதாக இராது, இரண்டை ஒட்டுப் போட்டு வைப்பார். மாமா பேசுவது குறைவு. ரெயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். சிரித்துக்கொண்டே இலையை நறுக்கி, சிரித்துக்கொண்டே இலையை எடுத்துவிட்டு, எல்லோரும் போனபின் அந்தப் பருக்கைகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பெருக்க முடியாதே, போன் வர வேண்டுமே.

மாமியின் தம்பி பிள்ளை ஒருவன் பாண்டுப்பில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போனவன், போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"வந்துட்டேன் அத்தை. செருப்பையும் கழட்டியாச்சு. நீங்க ஜாடு போடலாம்" என்று கிண்டலாகச் சொன்னான்.

மாமி துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு அடி நடந்தாள். திரும்பவும் மூலையில் சாத்திவிட்டாள்.

"பொய் சொல்றான். இன்னும் சேரலை."

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி கூப்பிட்டாள். "அத்தை, அவர் அங்கேர்ந்து கிளம்பிட்டாரா? போனே எடுக்க மாட்டேங்கறார்" என்றாள். பயல் வழியில் யாரோ நண்பன் வீட்டுக்குச் சீட்டாடப் போயிருக்கிறான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் கேட்டேன்.

"அது எப்படி மாமி கண்டுபிடிச்சிய? ஹார்ன் சத்தம்கூட கேக்கலையே."

"குரல் நடந்துண்டிருந்தது" என்றாள். "வீட்டுக்குள்ள இருக்கறவா குரல் உக்காந்திருக்கும் டீச்சர். வெளியில இருக்கறவா குரல் நடந்துண்டே இருக்கும்."

அதன் பிறகு நான் எங்காவது போய்விட்டு மாமிக்குப் போன் செய்யும்போதெல்லாம், முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வேன். இத்தனைக்கும் இதையெல்லாம் நம்பாதவள் நான்.

கடைசி வருஷங்களில் மாமி வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் வாசல் வழியாகப் போக முடியாது. பின்பக்கம் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, செம்பருத்திக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவில் குனிந்து, சமையலறைக் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். வாசல் கதவு பூட்டியே இருந்தது. முன் அறையில் யாரையும் உட்கார வைப்பதில்லை. அந்த அறையில் மின்விசிறி சுற்றி வருஷங்களாகியிருந்தன.

காரணம், அந்த அறை பாதி பெருக்கிய அறை.

அது நடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மாமியின் சிநேகிதிகள் மதியம் சாப்பிட வருவதாக இருந்தது. தாணேயில் மகள் வீட்டில் பேத்திக்குப் பிறந்தநாள். மாமிக்கு இங்கே சமையல் வேலை இருந்ததால், மாமா மட்டும் காலையில் போய்விட்டு வருவதாக ஏற்பாடு. தோட்டத்தில் பழுத்த பூவன் சீப்பு ஒன்றும், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் மேலே பால்கனியிலிருந்து பார்த்தேன். "பர்த்டேக்குப் போயிட்டு வரேன் டீச்சர்" என்று கையை ஆட்டினார்.

அந்த வாரம்தான் மாமி வீட்டுக்குப் புதிதாக ஒரு வேலைக்காரப் பாயி வந்திருந்தாள். மராட்டிக்காரப் பெண், சுறுசுறுப்பானவள். பழைய பாயிக்கு மாமியின் சட்டம் தலைகீழ்ப் பாடம். புதியவளுக்கு யாரும் சொல்லவில்லை; எனக்கும் தோன்றவில்லை, மாமிக்கும் தோன்றவில்லை. விருந்தாளி வருகிறார்களே, முன் அறையைச் சுத்தம் செய்வோம் என்று, மாமா படி இறங்கியதும் இறங்காததுமாக அவள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"ஏ, ருக்கோ! ஜாடு மத் மாரோ! மத் மாரோ!"

நில்லு, பெருக்காதே என்று ஹிந்தியில் கூச்சல். மாமி அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. என்னமோ ஏதோ என்று கீழே ஓடினேன். அறையின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, பாயி குப்பையைக் கூட்டிச் சின்னக் குவியலாக வைத்திருந்தாள். உள்பக்கத்துப் பாதி பளிச்சென்று இருந்தது. வாசல் பக்கத்துப் பாதி பெருக்காமல் இருந்தது. பாயி துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மாமிக்கு மூச்சு வாங்கியது.

"பரவாயில்லை. பாதிதானே. பாதியோட நிறுத்திட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இப்போ அவர் போன் பண்ணினதும் மீதியைப் பெருக்கிண்டா போறது."

போன் வரவில்லை. மாமாவுக்குச் செல்போன் கிடையாது, மகள் வீட்டிலிருந்துதான் பேச வேண்டும். மதியம் மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா ஏன் இன்னும் வரலை?"

செம்பூர் ஸ்டேஷனில் அவர் வண்டி ஏறுவது கேமராவில் தெரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வழிவிட்டு, கடைசியில் ஏறினார். அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷன் கேமராவிலும் அவர் இறங்கவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், சவக்கிடங்கு என்று மகளும் மாப்பிள்ளையும் அலைந்தார்கள். நானும் சில இடங்களுக்குக் கூடப் போனேன். வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டும்போதெல்லாம் 'இவராக இருக்கக் கூடாது' என்றும் வேண்டிக்கொண்டேன், 'இவராக இருந்து தொலைத்தால் மாமிக்கு ஒரு முடிவாவது தெரியுமே' என்றும் நினைத்தேன். மாமி எங்கும் வரவில்லை. வீட்டில் போன் பக்கத்தில் இருந்தாள்.

அந்தக் குவியல் அப்படியே கிடந்தது. காற்றில் கலையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலை அடைத்தாள். வாசல் கதவைப் பூட்டினாள். ஒரு மழை நாளில் கொண்டி கழன்று ஜன்னல் திறந்துகொண்டது. சத்தம் கேட்டு நான் போய்ப் பார்த்தபோது, மாமி குவியலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"ஜன்னலைச் சாத்துங்கோ டீச்சர். நான் எழுந்தா காத்து வந்துடும்."

மறுநாள், பலகாரத்தை ஈ மொய்க்காமல் மூடி வைப்போமே, அந்த வலைமூடியைக் கொண்டுவந்து குவியலின்மேல் கவிழ்த்துவைத்தாள். பார்க்கிறவர்களுக்கு, யாருக்கோ பலகாரம் எடுத்து மூடி வைத்திருப்பதாகத்தான் தோன்றும்.

மாமி அழுது நான் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்போதும்போலத் தோட்டத்தில் வேலை செய்தாள். வாழைக்குக் கன்று பிரித்து வைத்தாள். விருந்துக்கு ஆள் கூப்பிட்டாள், அவர்களைத் தோட்டத்து வழியாக அழைத்து வந்து சமையலறையில் இலை போட்டாள். சொந்தக்காரர்கள் மெல்ல ஆரம்பித்தார்கள், இத்தனை வருஷம் ஆயிற்று, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று. மாமி கோபப்படவில்லை. "அதுக்கென்ன, அவர் போன் பண்ணட்டும், கேட்டுண்டு செய்யலாம்" என்று ரசத்தை ஊற்றினாள்.

பழைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி, விஷயம் முழுதும் தெரியாதவள், சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று முன் அறைக்குள் போய்விட்டாள். வலைமூடியைத் தூக்கிப் பார்த்து, "ஐயய்யோ, குப்பையைப் போயா மூடி வச்சிருக்கே!" என்று துடைப்பத்தை எடுத்தாள். மாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பலமாகப் பிடிக்கவில்லை, மெதுவாகத்தான்.

"அதுல அவர் இருக்கார்" என்றாள். "இன்னும் போய்ச் சேரலை. நடந்துண்டிருக்கார்."

அந்த அம்மாள் பாயசம்கூடக் குடிக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் ஏறாததுமாகப் போன் செய்து, "வந்து சேர்ந்துட்டேன், சேர்ந்துட்டேன்" என்றாள். பிறகு அவள் வரவேயில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் மாமியின் விருந்துக்கு நான் ஒருத்திதான். மாடியிலிருந்து இறங்கி வருகிற எனக்கே, சாப்பிட்டுவிட்டு மேலே ஏறியதும் பால்கனியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். "சேர்ந்துட்டேன் மாமி!" கீழே துடைப்பச் சத்தம் கேட்கும். சமையலறையை மட்டும் பெருக்குவாள்.

காலனியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று முடிவானபோது, மாமி கையெழுத்துப் போட மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். பில்டர் ஆபீஸிலிருந்து வந்த பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இடிக்கறதுக்கு முன்னாடி பெருக்குவேளா?"

"இடிக்கிற வீட்டை எதுக்கு ஆன்ட்டி பெருக்கணும்?" என்று அவன் சிரித்தான். மாமியும் சிரித்தாள். இடிப்பது மாமிக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பெருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் கார் எடுத்துக்கொண்டு வந்தாள். சாமான் எல்லாம் தோட்டத்து வழியாகவே வெளியே போயிற்று. முன் அறையில் இருந்ததை மாமி தொட விடவில்லை. மாமாவின் நாற்காலி, டீப்பாய், டீப்பாயில் சாய்ந்த துடைப்பம், வலைமூடி எல்லாம் அங்கேயே இருந்தன. ஒரு பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டாள். சாவியை என் கையில் கொடுத்தாள். நான் பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்குப் பார்த்திருந்தேன்.

"பில்டருக்குச் சாவி கொடுக்கற கடைசி நாள் வரைக்கும் நீங்க வெச்சுக்கோங்கோ டீச்சர். நானா போன் பண்ணினாலொழிய பெருக்கப்படாது. எம் பொண்ணு பண்ணினாலும் கேக்கப்படாது. நானாக்கும் பண்ணணும்."

"சரி மாமி. நீங்க போய்ச் சேர்ந்து போன் பண்ணுங்க. நானே வந்து பெருக்குதேன்."

கார் போயிற்று. தாணே என்ன பெரிய தூரமா? சாயங்காலம் வரை போன் வரவில்லை. நானே மகளைக் கூப்பிட்டேன். அவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். "அம்மாகிட்ட போனைக் குடும்மா" என்றேன். போனுக்குப் பின்னால் ஏதோ பேச்சு நடந்தது. "அம்மா இப்போ பேச முடியாதுன்னு சொல்றா ஆன்ட்டி" என்றாள் மகள்.

பல வாரம் அப்படியே போயிற்று. மகள் அழ ஆரம்பித்தபின் நான் தாணேக்குப் புறப்பட்டேன்.

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவளே மாமிதான். வாசலுக்கு உள்ளே, செருப்பு வைக்கிற அலமாரி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் கைப்பை. காலடியில் அந்தப் பெயிண்ட் டப்பா. கன்று வாடாமல் இருந்தது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான், குளிக்கப் போனாலும் செருப்போடு போய்ச் செருப்போடு வருகிறாள் என்று மகள் சமையலறையில் வைத்துச் சொன்னாள். "எங்க வீட்டுல யாரோ தெரியாதவங்க வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு ஆன்ட்டி. ஆபீஸ்லேர்ந்து வரப்போ கதவைத் திறக்கவே பயமா இருக்கு." பெற்ற தாயைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நான் மாமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன மாமி இது? வந்து சேர்ந்தவுக செருப்பைக் கழட்ட வேண்டாமா? உங்க மக பயப்படுதாள்லா?"

"நான் இன்னும் சேரலையே டீச்சர்." சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "அவர் இங்க வரதுக்குன்னாக்கும் கிளம்பினார். நான் முட்டாள்தனமா கிளம்பின இடத்துலயே உக்காந்து காத்துண்டிருந்தேன். வந்து சேர்ற இடத்துல கதவைத் திறக்க ஒருத்தர் வேண்டாமா? மொதல்ல அவர் வந்து சேரட்டும். என் கதை அப்புறம்."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மாமா வர மாட்டாவ மாமி" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேளோன்னோ?" என்றாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து போன் செய்தேன். "சரி, சேர்ந்துட்டேள்" என்று அவளே சொன்னாள்.

சாவி கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கப் புழுதி. அந்தக் காலையில்தான் போன் வந்தது. மகளுடைய வீட்டு எண். மாமியின் குரல். பல வருஷமாகக் கேட்காத குரல் அது, விருந்து நாளில் இலை போடும்போது இருக்குமே, அந்தக் குரல்.

"டீச்சரே, மாமா வந்து சேர்ந்துட்டார்! மீதியையும் பெருக்கிடுங்கோ."

"யாரு மாமி? யாரு வந்திருக்கா?"

"இவர்தான். வேற யாரு? ரொம்ப இளைச்சுப் போயிட்டார். செருப்பு தேஞ்சு போயிருக்கு. பையில கறிவேப்பிலை மாத்திரம் வாடவேயில்லை, கேட்டேளா! காபி கலக்கணும், வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள். நான் மகளைக் கூப்பிட்டேன், ஆபீஸ் போகிற நேரம், எடுக்கவில்லை. சரிதான், கிழவிக்கு மனசு ஒரு வழியாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டது, எப்படி அவிழ்ந்தால் என்ன என்று எண்ணிக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. புதுத் துடைப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வாசல் கதவை நானாகத் திறந்தது அன்றுதான். தூசி இரண்டு பக்கமும் படிந்திருந்தாலும், நடுவில் அந்தக் கோடு தெரிந்தது. உள்பக்கம் சாம்பல் நிறம், வாசல் பக்கம் கறுப்பு. வலைமூடியைத் தூக்கினேன். குவியலில் ஒரு சட்டைப் பொத்தான், கொஞ்சம் நரை முடி, வாழைநார், பேப்பர் ஓரம். வாசல் பக்கத்துப் பாதியைப் பெருக்கினேன். பெருக்கப் பெருக்கக் கண்ணீர் வந்தது, துடைக்காமலே பெருக்கினேன். எல்லாவற்றையும் அள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் போட்டேன். குழாயில் தண்ணீர் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. பிடித்து வந்து, அறை முழுவதையும் கழுவியும் விட்டேன். யாரும் கழுவச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தேன்.

மதியம் மகள் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா அங்க வந்தாளா?"

அவள் ஆபீஸிலிருந்து அரை நாளில் திரும்பியிருக்கிறாள். கதவு திறந்து கிடந்ததாம். நாற்காலி காலி. செருப்பு அலமாரிமேல் இரண்டு டம்ளர், இரண்டிலும் காபி குடித்த கறை. கைப்பை இல்லை. கறிவேப்பிலைக் கன்று மட்டும் இருந்தது. கேட் கேமராவில் மாமி வெளியே போவது தெரிந்தது. சாவகாசமாக, பேசிக்கொண்டே, வலது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்து போகிறாள். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

திரும்பவும் போலீஸ், ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி. மாமியும் எங்கும் கிடைக்கவில்லை. மகள் வீட்டில் யாரும் அந்த நாற்காலியை நகர்த்தவில்லை என்று கேள்வி. எங்கள் காலனி இருந்த இடத்தில் இப்போது தகர வேலிக்கு உள்ளே பெரிய பள்ளம். கறிவேப்பிலை மரமும் போய்விட்டது.

அந்தப் போனை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். பெருக்கச் சொன்னது மாமிதான், சந்தேகமில்லை. தெரிந்துதான் சொன்னாளா, மாமா வந்த சந்தோஷத்தில் தன்னை மறந்துவிட்டுச் சொன்னாளா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மாமா வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் சொன்னாள். அந்த வீட்டிலிருந்து அவளும் கிளம்பிப் போனவள்தானே. தான் வந்து சேர்ந்ததாக மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் நான் பெருக்கிவிட்டேன்.